நாலு செகண்டும் ஒரு மலை இறக்கமும்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பென்னாகரத்தில் எங்கள் கோயில் வாசலில் ஒரு காருக்கு மந்திரிப்பு நடந்தது. சிவப்பு கார். இரண்டே கதவு. அடிவயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருந்தால் அதிகம். ஃபாதர் ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, பானெட் மேல் சிலுவை அடையாளம் போட்டார். எல்லாம் முடிந்த பிறகு, மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"மைலேஜ் எவ்ளோ குடுக்குதுங்க தம்பி?"

லியோவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

லியோ என் அண்ணன் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் ஆசை. வாங்கிய கையோடு மந்திரிக்க ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். அவனிடம் போய் மைலேஜா?

"ஃபாதர், இது ஸ்போர்ட்ஸ் காருங்க. நின்ன எடத்துல இருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு நாலே செகண்டுங்க" என்றான்.

"அப்டீங்களா! ஆனா நம்ம ரோட்டுல அதுக்குள்ள ஸ்பீடு பிரேக்கர் வந்துருமே..." என்றார் ஃபாதர், உண்மையான கவலையோடு.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லியோ சிரிக்கவில்லை. அவன் அவர்களைப் பார்க்கவே இல்லை. கொஞ்சம் தள்ளி, வேப்ப மரத்தடியில் நின்ற தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதாவது, என் அண்ணன் அருளப்பனை.

அண்ணன் கிட்டே வந்தார். காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு, "வெயில் ஏறுது. நான் நடந்தே வூட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டார். மகன் வாங்கிய புது காரில் ஏறாமல்!

எனக்குச் சுருக்கென்றது. லியோவுக்கு எப்படி இருந்திருக்கும்?

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன வருஷம் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். நன்றாகத் தேறிவிட்டார். கார் ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் அண்ணன் ஓட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "ஓட்டி என்னா ஆவப்போவுது" என்பார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் குறைந்தது. டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார்; என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது.

"உங்கண்ணன் வூட்லதான் இருக்காரு மேரி. ஆனா ஆள் இல்ல" என்று அண்ணி ஒரு நாள் போனில் சொன்னார். போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஏனென்றால், ஸ்டியரிங் பிடிக்காத அண்ணனை எனக்குத் தெரியாது.

நான் தர்மபுரியில் காலேஜ் படித்த காலத்தில், அண்ணன் பென்னாகரத்தில் கடலை எண்ணெய் மில் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் மில் மோட்டாருக்கு பெல்ட் வாங்க பெங்களூர் போனார். பெல்ட்டோடு ஒரு காரும் வாங்கிக்கொண்டு வந்தார்! அங்கே யாரோ ஒரு ஒர்க்‌ஷாப்காரர், சின்ன கார் ஒன்றின் அடிச்சட்டத்தின் மேல் தகரத்தைத் தட்டி, தன் ஆசைக்குச் செய்த வண்டியாம். இரண்டு சீட். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் மாட்டிக்கொள்ள ஒரு கேன்வாஸ் துணி. நிறம் பச்சை என்பார் அண்ணன். பாசி என்பேன் நான்.

அந்தக் காரில் ஸ்பீடோமீட்டர் வேலை செய்யாது. வந்த நாளிலிருந்தே முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. அதைச் சரிசெய்ய அண்ணனுக்குத் தோன்றவே இல்லை.

மில்லுக்குக் கடலை கொண்டுவருகிற எல்லாரும் கேட்பார்கள். "இது எவ்ளோ ஸ்பீடு போவுங்க?"

"தெரியலீங்களே..." என்பார் அண்ணன், வாயெல்லாம் பல்லாக.

எங்களிடம் வேறு மீட்டர் இருந்தது — என் தாவணி. அதன் நுனி சும்மா படபடத்தால், மெதுவாகப் போகிறோம். பின்னால் நீண்டு நின்றால், நல்ல வேகம். சுழன்று வந்து அண்ணன் கன்னத்தில் அறைந்தால், "போதும்ணா, கொறைங்க!" என்று நான் கத்த வேண்டிய வேகம். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் கார் எழுபதைத் தாண்டியிருக்குமா? சந்தேகம்தான். காலையில் என்னைக் காலேஜில் விடப் போகும்போது தர்மபுரி பஸ் எங்களை முந்திக்கொண்டு போகும். கண்டக்டர் படியில் நின்று கையாட்டுவார். அண்ணனும் சந்தோஷமாகக் கையாட்டுவார். அவருக்கு அதில் வெட்கமே கிடையாது.

ஆனால் வளைவு வந்துவிட்டால் அண்ணன் வேறு ஆள். பேச்சு நின்றுவிடும். கியரை ஒன்று குறைப்பார். ஒரு மூச்சு நேரம் காத்திருந்து, பிறகு திருப்புவார். அப்போது இன்ஜின் அடித்தொண்டையில் 'ம்ம்ம்...' என்று ஒரு சத்தம் போடும்.

"கேட்டியா மேரி? பேசுது பாரு!"

எனக்கு இன்ஜின் சத்தம்தான் கேட்டது. அவருக்கு மட்டும் ஏதோ பேச்சு கேட்டிருக்கிறது. அதைக் கேட்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒகேனக்கல் மலை இறக்கத்துக்குப் போவார். அருவியை நின்று பார்க்கக்கூட மாட்டார். பொரித்த மீன் தின்றுவிட்டு, உடனே திரும்ப மலையேற வேண்டும் அவருக்கு. எண்ணெய் மில், கடன்காரர்கள், கரண்ட் கட் எல்லாவற்றையும் மேலே விட்டுவிட்டு இறங்குவார். ஏறி வரும்போது சிரித்துக்கொண்டே வருவார். நானும்தான். என் வாழ்க்கையிலேயே நான் அதிகமாகச் சிரித்தது அந்தத் தகர டப்பாவில் உட்கார்ந்துதான் என்று நினைக்கிறேன்.

(எனக்கு மட்டும் அந்த ஸ்டியரிங்கைத் தொடக் கொடுத்ததில்லை. "நீ படிக்கிற பொண்ணு" என்பார். படிக்கிற பொண்ணுக்குக் கை கால் கிடையாதா? அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் உண்டு.)

அண்ணனுக்குக் கல்யாணமாகி, லியோ பிறந்து, அவன் பள்ளிக்கூடம் போகிற வயது வந்தபோது இரண்டு சீட் போதவில்லை. காரை விற்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு அண்ணன் ஜீப் ஓட்டினார், வேன் ஓட்டினார், சாதாரண கார்கள் ஓட்டினார். எதை ஓட்டினாலும் வளைவில் பேச்சை நிறுத்துகிற பழக்கம் மட்டும் போகவில்லை. ஆபரேஷன் வந்துதான் எல்லாவற்றையும் நிறுத்தியது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

மத்தியானம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. லியோ விடாமல் முயற்சி செய்தான். முந்நூறு குதிரை சக்தி என்றான். இருநூற்று ஐம்பது வரைக்கும் போகும் என்றான். இதே விலையில் வருகிற இன்னொரு கார் இதைவிட அரை செகண்ட் பின்தங்கி இருப்பதாகச் சொன்னான். அண்ணன் கறிக்குழம்பைச் சோற்றில் பிசைந்தபடி "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு செகண்டுப்பா!"

"நாலு செகண்டுல எதடா பாக்கறது?" என்றார் அண்ணன்.

லியோ கை கழுவ எழுந்துவிட்டான்.

நான் பின்னாலேயே போனேன். வாசலில், ஏற்கெனவே பளபளவென்று இருந்த காரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பாவுக்குப் புடிக்கலியா அத்தை?"

"அவருக்கு இப்ப எதுவுமே புடிக்கலடா" என்றேன்.

"அவரை உக்கார வச்சு ஓட்டணும்னுதான் அத்தை வாங்கினேன். ஆஸ்பத்திரில கண்ண மூடிப் படுத்துருந்தாரு இல்ல, அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஆனா அதச் சொல்ல வரல. வாயத் தொறந்தா நம்பர்தான் வருது..."

எனக்கு அவனைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் பழக்கியதுதானே! பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவனை "எத்தனை மார்க்?" என்று கேட்டோம். "இன்னைக்குப் பாடம் எப்படிடா இருந்துச்சு?" என்று என்றைக்காவது கேட்டோமா? கல்யாணத்துக்குப் போய்வந்தால் இலையில் எத்தனை ஐட்டம் வைத்தார்கள் என்றுதான் பேச்சு. ரசம் எப்படி இருந்தது என்பது யாருக்கும் நினைவில்லை. நானே காலையில் நடந்துவிட்டு வந்ததும் முதலில் பார்ப்பது கைக்கடிகாரத்தில் எத்தனை காலடி காட்டுகிறது என்றுதான். வழியில் என்ன பூ பூத்திருந்தது என்று கேட்டால் விழிப்பேன்.

நம்பரில் ஒரு வசதி இருக்கிறது. அதை அடுத்தவரிடம் காட்டலாம். "எனக்கு நன்றாக இருந்தது" என்பதை எப்படிக் காட்டுவது? கார் பத்திரிகைக்காரர்களும் பாவம், அதனால்தான் செகண்டை அச்சடிக்கிறார்கள். அதெல்லாம் போகட்டும்... அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் பேசிக்கொள்ள நம்பர் மட்டும் மிஞ்சினால்?

நேராக உள்ளே போனேன். "அண்ணா, எனக்கு மீன் திங்கணும்போல இருக்கு. ஒகேனக்கல் போலாம் வாங்க" என்றேன்.

"அந்தக் கார்ல குனிஞ்சு ஏற எனக்கு முட்டி மடங்காதும்மா."

"பின் சீட்டுல நான் உக்காந்துக்கறேன். எம் முட்டி மடங்குதான்னு வந்து பாருங்க."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். தங்கச்சி வாய்விட்டுக் கேட்டு அவர் மறுத்ததில்லை. அந்தப் பலவீனத்தை நான் அறுபது வயதிலும் கூச்சமில்லாமல் பயன்படுத்திக்கொள்கிறேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

அந்தக் காரில் பின் சீட் என்று ஒன்று இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கைப்பையை வைக்கலாம், கைப்பையைவிடப் பெரிதாக இருந்தால் கஷ்டம். முன் சீட்டை மடக்கி, ஒரு காலை உள்ளே விட்டு, மறு காலுக்கு வழி தெரியாமல் நான் பட்ட பாட்டைப் பார்த்து அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார். சிரிக்கட்டும். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாயிற்று.

லியோ ஓட்டினான். ஃபாதர் சொன்னது சரிதான். ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கர். அதுவும் ஊர்க்காரர்களே ஜல்லி கொட்டிப் போட்டது. ஒவ்வொன்றுக்கும் காரை நிறுத்தி, ஒரு பட்டனை அழுத்தி மூக்கைத் தூக்கி, குறுக்குவாட்டில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. மாட்டுக்குப் புல்கட்டு வைத்துக்கொண்டு ஒருவர் மொபெட்டில் எங்களை முந்திப் போனார். திரும்பிப் பார்த்து, "வண்டி எதாச்சும் ரிப்பேருங்களா?" என்று விசாரித்தார்.

காட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் ஓர் இடத்தில் ரோடு நேராக, காலியாக இருந்தது. லியோ பொறுக்க மாட்டாமல் மிதித்தான்.

என் தலை பின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. வயிறு எங்கே போனது என்று தெரியவில்லை. "பாத்தீங்களாப்பா!" என்று லியோ கத்தினான். அண்ணன் ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தார். இன்னொரு கை நெஞ்சின் மேல் இருந்தது.

லியோ அதைப் பார்த்துவிட்டான். சட்டென்று வேகத்தைக் குறைத்தான். "அப்பா... அப்பா, என்னா பண்ணுது?"

"ஒண்ணுமில்லடா. போ" என்றார் அண்ணன். வலி எதுவும் இல்லை, பயம்தான். ஆனால் அதற்குப் பிறகு லியோ மொபெட் வேகத்தில்தான் ஓட்டினான். ஏன்தான் மீன் ஆசை என்று பொய் சொன்னேனோ என்று எனக்கு இருந்தது. வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த மனிதரை இழுத்து வந்து, இன்னும் உள்ளே தள்ளிவிட்டேனோ?

மலை இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன முனியப்பன் கோயில் உண்டு. நாங்கள் வேதக்காரர்கள்தான். ஆனாலும் அங்கே நிற்காமல் எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் இறங்க மாட்டார்கள். பழைய ஃபாதர் ஒருவர் அண்ணனிடம் இதைக் கேட்டிருக்கிறார். "ஜெபம் மாதாகிட்டதானுங்க ஃபாதர். ஆனா ரோடு அவருதுங்களே" என்றாராம் அண்ணன்.

பூசாரி வண்டிக்கு முன்னால் கற்பூரம் காட்டி, ஓட்டுகிறவர் கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுப்பார். பழம் வாங்கியவர்தான் அடிவாரம் வரைக்கும் ஓட்ட வேண்டும். நடுவில் கை மாறக் கூடாது. இரண்டு டிரைவர்கள் இருக்கிற லாரியில்கூட, யார் இறக்குவது என்று முதலிலேயே பேசி முடித்துவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள்.

நாங்கள் மூவரும் இறங்கி நின்றோம். பூசாரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அட, நம்ம மில்லுக்காருங்களா! எத்தினி நாளாச்சுங்க பாத்து! ஒடம்பு தேவலீங்களா?"

கற்பூரம் காட்டினார். திரும்பினார். எத்தனையோ வருஷப் பழக்கம்... லியோ நீட்டியிருந்த கையைத் தாண்டி, பழத்தை நேராக அண்ணன் கையில் வைத்துவிட்டார்.

அண்ணன் திடுக்கிட்டுப் போனார். "என்னா பூசாரி! ஓட்டறது நானில்லீங்க, பையன்" என்று பழத்தை லியோ பக்கம் நீட்டினார்.

பூசாரியின் முகம் மாறிவிட்டது. "அய்யய்யோ, குடுத்துட்டனேங்க! கை மாத்தாதீங்க... எறக்கம் பாருங்க."

"வேற ஒண்ணு குடுத்துருங்களேன்" என்றேன் நான்.

"ஒரு வண்டிக்கு ஒரு பழந்தானுங்களே அம்மா."

நான் லியோவைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் படித்தவன். 'இதெல்லாம் என்ன அத்தை' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்தது. அவனோ பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான்.

"ஓட்டுங்கப்பா."

"கண்ணு, புது வண்டிடா. எதாச்சும் ஆயிட்டா?"

"ஆவட்டும்பா."

அண்ணன் பழத்தைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். "எனக்குப் பயமா இருக்குடா" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஒரு வருஷமாக 'ஓட்டி என்ன ஆகப்போகிறது' என்று சொல்லிக்கொண்டிருந்ததன் அர்த்தம் இதுதானா?

"எனக்குந்தாம்பா பயமா இருக்கு. நா பக்கத்துலயே உக்காந்துக்கறேன்" என்றான் லியோ.

அண்ணன் ஏறி உட்கார்ந்தார். பழத்தை ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தார். கிளட்ச் கிடையாது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இடது விரலுக்கு ஒரு பட்டை, அதை இழுத்தால் கியர் குறையும் என்று லியோ காட்டினான். குதிரை சக்தி பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அந்த ஏசிய நிறுத்து. கண்ணாடிய எறக்கு. பாட்டு வேண்டாம். இந்த டி.வி. எதுக்கு இங்க?"

லியோ ஒவ்வொன்றாக அணைத்தான். காட்டுக் காற்று உள்ளே வந்தது.

முதல் வளைவில் பிரேக்கைக் குத்தினார். என் நெற்றி முன் சீட்டில் இடித்தது. பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்து முந்திப் போனது. டூரிஸ்ட் வேன் போனது. அதிலிருந்தவர்கள், இவ்வளவு மெதுவாகப் போகும் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்ததில்லை போலும், செல்போனில் படம் பிடித்தார்கள். லியோ கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

இரண்டாவது வளைவு. அண்ணனின் இடது விரல்கள் தயங்கித் தயங்கி அந்தப் பட்டையைத் தேடின. இழுத்தார். இன்ஜின் கனமாக ஒரு சத்தம் போட்டது. அது பக்கத்துப் பாறையில் பட்டு, ஜன்னல் வழியாகத் திரும்பி வந்தது. அண்ணனின் முதுகு நிமிர்ந்தது. மூன்றாவது வளைவில் அவரே முன்கூட்டி இழுத்தார். ஒரு மூச்சு நேரம் காத்திருந்தார். திருப்பினார். எனக்கு இடிக்கவே இல்லை.

"கேட்டியாடா?" என்றார்.

என்னிடம் இல்லை, மகனிடம்.

"கேட்டேம்பா..." என்றான் லியோ. பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தச் சத்தத்த நான் கேட்டதே இல்ல அத்தை. எப்பவும் கண்ணாடிய ஏத்திட்டுப் பாட்டு போட்டுருவேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. காற்று என்று அவன் சொன்னால் நம்பியிருப்பேன்.

நான் பின்னால் கால் மரத்துப்போய், இருபது வயதுப் பெண்ணாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு வர வேண்டிய கேள்வி அவனிடம் போய்விட்டதே என்று வருத்தமில்லை. சரி, கொஞ்சம்தான்.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்திய அண்ணன் இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, டூர் போய்வந்த பள்ளிக்கூடப் பையன் மாதிரி எதையெதையோ பேசிக்கொண்டிருந்தார். மில் பெல்ட், பழைய கண்டக்டர், என் தாவணி... லியோ ஒன்றுக்குப் பத்தாகக் கேள்வி கேட்டான். ஒரு கேள்வியில்கூட நம்பர் இல்லை.

மறுநாள் காலை என் போன் அடித்தது. அண்ணன்! ஒரு வருஷமாக நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"மேரி, ஏரியூர் ரோடு இப்ப நல்லா போட்டுருக்காங்கம்மா. வளைவு நெறயா இருக்குது."

"யாருண்ணா சொன்னா?"

"யாரு சொல்லணும்? வெடியால நானே போயிட்டு வந்துட்டேன். அந்தச் செவப்பு வண்டிதான்."

"லியோ கூட வந்தானா?"

ரகசியக் குரலில் சொன்னார்: "அவன் தூங்கறான். சொல்லிராத."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுத மாட்டேன் என்றா சொன்னேன்?